ஏர் தொடாத விளைச்சல்
(இந்தியாவில் தேனீ வளர்ப்பின் வரலாறும் இன்றைய உழவனும்)

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்த வேளையில், வேள் பாரியின் உயிர்த்தோழரான கபிலர் அவ்வேந்தரை நோக்கிப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 109ஆம் பாடலாக அமைந்துள்ளது. மலையைச் சூழ்ந்து நின்று, உணவு வரும் வழியை அடைத்துவிட்டால், உள்ளிருப்போர் நாளடைவில் பணிந்துவிடுவர் என்பது முற்றுகையிடுவோர் கணக்கு. அந்தக் கணக்குப் பறம்பில் செல்லாது என்பதற்குக் கபிலர் காட்டும் காரணம் வியப்புக்குரியது. கோட்டையின் உறுதியை அவர் முதலிற் கூறவில்லை. மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் விளைவுகளை எண்ணிக் காட்டுகிறார். மூங்கிலின் நெல் ஒன்று; பலாவின் பழம் மற்றொன்று; வள்ளிக்கிழங்கு மூன்றாவது; நான்காவது தேன்.

இதனைப் போர்ப் பாடலாகவே படித்துப் பழகியுள்ளோம். குடிமக்களின் வாழ்வு எதனால் நிலைக்கிறது என்பதைக் கூறும் பாடலாகவும் இதனைக் கொள்ளலாம். வயல் விளைவு தடைப்படும் காலத்தில், வயலை நம்பாத விளைவு ஒன்று கைவசம் உள்ள குடி எளிதில் சாய்வதில்லை என்னும் உண்மை இதில் பொதிந்து கிடக்கிறது.

இன்று உழவனைச் சூழ்ந்திருப்பது வேந்தர் படையன்று. தட்பவெப்பத்தின் தடுமாற்றமே ஆகும். 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பான அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மறு ஆண்டே, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கி வாழையையும் ரப்பர் மரங்களையும் சாய்த்தது. பெய்ய வேண்டிய காலத்தில் பெய்யாமையும், பெய்யலாகாத காலத்தில் பெய்தலும், கோடை நீண்டு வெம்மை மிகுதலும் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உழவரின் அன்றாடக் கவலைகளாகிவிட்டன. இந்நிலையில் கபிலர் கூறிய நான்காவது விளைவு உழவனுக்கு எவ்வளவு துணை நிற்கும்? எந்த எல்லையில் அத்துணை நின்றுவிடும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, நம் நாட்டில் தேனீ வளர்ப்பு நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது பயனுடைத்து.

தேன் எடுத்தலும் தேனீ வளர்த்தலும்

தேன் எடுத்தல் மிகப் பழைய தொழில். தேனீ வளர்த்தல் பிற்காலத்தது. மலைச் சரிவுகளில் தொங்கும் தேனடையை எட்டுவதற்கு மூங்கிலிற் கணுக்களையே படியாக விட்டு அமைத்த ஏணியைச் சங்கப் புலவர் 'மால்பு' என்றனர். தேனடைக்கு 'இறால்' என்பது அன்றைய பெயர். இன்று அச்சொல் கடல் உயிருக்கே வழங்குகிறது. புகையூட்டித் தேனீக்களை விரட்டி, அடையை அறுத்துப் பிழிவதே முறையாக இருந்தது. அடையோடு முட்டையும் புழுவும் அழிந்தன.

தேனீக்களில் எல்லாம் மனிதனோடு வாழ இசைபவையல்ல. உயர்ந்த பாறையிலும் பெருமரத்திலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயையும், புதர்க் கிளையில் சிற்றடை கட்டும் கொம்புத்தேனீயையும் பெட்டிக்குள் அடக்க இயலாது. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் இருளை நாடிப் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீயே வளர்ப்புக்கு இசைந்தது. இதனை இந்தியத் தேனீ என்றும் வழங்குவர். இமயமலைச் சிற்றூர்களில் வீட்டுச் சுவரிலேயே மாடம் அமைத்து இத்தேனீயைக் குடியேற்றும் பழக்கம் தொன்றுதொட்டு உண்டு. தென்னாட்டிலும் மண்பானையைக் கவிழ்த்து வைத்துத் தேனீக் குடியை வரவழைத்தனர். ஆயினும், தேன் எடுக்கும்போது அடையை உடைக்க வேண்டியிருந்தமையால் குடி சிதைந்தது.

இச்சிதைவை நீக்கியது 1851ஆம் ஆண்டில் அமெரிக்கரான லாங்ஸ்டிராத் கண்ட ஓர் உண்மை. இரண்டு அடைகளுக்கு நடுவே தேனீக்கள் நடமாடுவதற்கென ஒரு குறிப்பிட்ட இடைவெளியை விட்டுவைக்கின்றன. அரை அங்குலத்திற்கும் குறைவான அவ்விடைவெளியை அவை மெழுகால் அடைப்பதில்லை. அந்த அளவைக் காத்துச் சட்டங்களைத் தொங்கவிட்டால் ஒவ்வோர் அடையையும் உடைக்காமல் தனித்தனியே வெளியே எடுக்கலாம். அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்துக்கொண்டு வெறும் அடையை மீண்டும் பெட்டிக்குள் வைக்கலாம். தேன் எடுத்த பின்னும் தேனீக் குடி வாழும் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது.

திருச்சியில் உருவான பெட்டி

சட்டப் பெட்டியில் தேனீ வளர்க்கும் முயற்சி இந்தியாவில் 1882இல் வங்காளத்திலும், 1883-84இல் பஞ்சாபிலும் தொடங்கியது. வங்காளத்தில் முயன்றவருள் ஒருவர் அஞ்சல் தந்தித் துறையைச் சேர்ந்த டக்ளஸ். இந்தியாவில் தேனீ வளர்ப்பு பற்றி அவர் எழுதிய கையேடு 1884இல் வெளிவந்தது. எனினும் இம்முயற்சிகள் உழவர் வீட்டு முற்றத்தை எட்டவில்லை. மேனாட்டுப் பெட்டியின் அளவுகள் அங்குள்ள பெரிய உடல் படைத்த தேனீக்கு ஏற்றவை. நம் நாட்டுத் தேனீயோ உருவில் சிறியது, குடியிலும் சிறியது.

இக்குறையைத் தீர்த்த பெருமை திருச்சிராப்பள்ளியைச் சேரும். அங்குத் தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி நியூட்டன், இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கும் குடியின் அளவுக்கும் பொருந்தச் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை அவர் ஊர்ப்புறத்தார் பலருக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். கீழறையில் ஏழு சட்டங்கள். அதில் இராணித்தேனீ முட்டையிடும். மேலறையில் தேன் சேரும். உள்ளூர்த் தச்சன் உள்ளூர் மரத்தைக் கொண்டு செய்துவிடத்தக்க எளிமை அதற்கு இருந்தது. 'நியூட்டன் பெட்டி' என்னும் பெயரில் அது இன்றளவும் தென்னாட்டில் வழங்குகிறது.

இதன்பின் தொழில் வேர்விடத் தொடங்கியது. 1917இல் திருவிதாங்கூரிலும் 1925இல் மைசூரிலும் தேனீ வளர்ப்பு முறையாகத் தொடங்கப்பட்டது. 1928ஆம் ஆண்டின் வேளாண்மை அரச ஆணைக்குழு இதனை ஊர்ப்புறக் குடிசைத் தொழில்களுள் ஒன்றாகப் பரிந்துரைத்த பிறகு, 1931இல் சென்னை மாகாணமும் 1933இல் பஞ்சாபும் இதில் இறங்கின.

மார்த்தாண்டம் காட்டிய வழி

தமிழ் வழங்கும் நிலத்தில் தேன் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் மார்த்தாண்டம். இவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்தது. 1920களில் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் சார்பில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே ஊர்ச் சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். கோழி வளர்ப்பு, பனைவெல்லம் காய்ச்சுதல் முதலியவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்குக் கற்பிக்கப்பட்டது. விளைந்ததைக் கூட்டுறவு முறையில் விற்கவும் வழி செய்யப்பட்டது. இப்பட்டறிவை விளக்கி ஹாட்ச் எழுதிய நூல் 1932இல் வெளியாயிற்று.

ஒரு காணியும் இல்லாத ஏழைக்கும் இத்தொழில் ஏன் கைகொடுத்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேனீக்கு மேய்ச்சல் நிலம் வாங்க வேண்டுவதில்லை. அது பறந்து செல்லும் தொலைவில் உள்ள தென்னையும் முருங்கையும் புளியும் யாருடையவை ஆயினும், அவற்றின் பூந்தேன் பெட்டி வைத்தவனுக்கே வந்து சேரும். மரத்துக்கு உரியவன் இதனால் இழப்பதும் ஒன்றில்லை. மகரந்தச் சேர்க்கை நன்கு நடப்பதால் பல பயிர்களில் அவனுக்கும் காய்ப்பு மிகுகிறது. ஒருவன் எடுத்ததனால் மற்றவனுக்குக் குறையாத செல்வங்கள் உலகில் மிகச் சில.

குமரி மாவட்டத்தில் இத்தொழில் பெருகியதற்கு ரப்பர் தோட்டங்கள் ஒரு பெருங்காரணம். ரப்பர் மரம் திசம்பர், சனவரித் திங்களில் இலையுதிர்த்து, அதன்பின் துளிர்க்கும். அந்த இளந்தளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்தில் இனிய நீர் சுரக்கும். பூவில் அன்றி இலையில் சுரக்கும் இம்மதுவே தேனீக்குப் பெருவிருந்து. மார்ச்சு வரை இவ்விருந்து நீடிக்கும். இக்காலத்தில் குமரித் தேனீ வளர்ப்போர் தம் பெட்டிகளை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக் கேரளத்துத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்வர். பருவம் முடிந்ததும் திரும்புவர். பூவற்ற மழைக்காலத்தில் சருக்கரைப் பாகு ஊட்டிக் குடிகளைக் காப்பர். பிழைப்பு உள்ள இடம் தேடிச் சென்று, சொந்த ஊரை மறவாமல் திரும்பும் வாழ்க்கை, பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நமக்குப் புதியதன்று.

குமரப்பா கண்ட தேனீ

தமிழகத்திலிருந்து வெளியே சென்று, தேனீயின் பெருமையை நாடறியக் கூறிய தமிழர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. பம்பாயில் கணக்காயராகத் தொழில் நடத்திய அவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலராக வார்தாவில் பணிபுரிந்தார். அச்சங்கம் ஆதரித்த ஊர்த் தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று.

சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளியிட்ட 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில், குமரப்பா பொருளியல் முறைகளை இயற்கையிலுள்ள உயிர்களைக் கொண்டே தரம் பிரிக்கிறார். பிறர் உழைப்பைப் பறித்து உண்ணும் முறை ஒன்று. தான் எடுத்துக்கொள்ளும் இடத்திற்கு நன்மையும் செய்யும் முறை மற்றொன்று. பின்னதற்கு அவர் காட்டும் சான்று தேனீ: பூவிலிருந்து தேனை எடுக்கிறது, பூவைக் காயாக்கியும் விடுகிறது. தனக்கென்று சேர்க்காமல் குடிக்கென்று சேர்ப்பதாலும் அதனை அவர் உயர்த்திப் பேசுகிறார். தட்பவெப்ப மாற்றம் என்னும் சொல் மக்கள் வாயில் வழங்காத காலத்திலேயே, இயற்கையின் சுழற்சியை அறுக்கும் பொருளாதாரம் நிலைக்காது என்று அவர் எச்சரித்தமை எண்ணத்தக்கது.

விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு இப்பணியைத் தொடர்ந்தது. 1962இல் புனாவில் மத்தியத் தேனீ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. குடகிலும் மகாபலேசுவரத்திலும் கூட்டுறவுச் சங்கங்கள் தேன் வாணிகத்தை வளர்த்தன.

வடக்கே நிலைகொண்ட ஐரோப்பியத் தேனீ

1962இல் காங்கிரா மாவட்டத்து நாக்ரோட்டாவில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது; அவ்வூர் அப்போது பஞ்சாபைச் சேர்ந்தது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக அறிஞர் அத்வாலும் அவர் குழுவினரும் ஐரோப்பியத் தேனீயை, குறிப்பாக இத்தாலிய இனத்தை, அங்கு நிலைபெறச் செய்தனர். அதற்கு முன் பலமுறை கொணர்ந்தும் பிழைக்காத தேனீ அது. வெளிநாட்டு இராணித்தேனீயை நம் நாட்டுத் தேனீக் குடியில் பழக்கிச் சேர்த்து, அதன் வழித்தோன்றல்களால் குடியை நிரப்பும் உத்தியை அவர்கள் கையாண்டனர்.

பயன் பெரிதாயிற்று. இந்தியத் தேனீ ஒரு பெட்டியில் ஆண்டுக்குச் சில கிலோ தேனே தரும். ஐரோப்பியத் தேனீயோ 25 முதல் 40 கிலோ வரை தரவல்லது. உணவு குறைந்தால் கூட்டை விட்டு ஓடிப்போகும் இயல்பும் அதற்குக் குறைவு. பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசம், பீகார் முழுதும் அது பரவியது. கடுகு பூக்கும் குளிர்காலத்தில் இராசத்தானுக்கும், லிச்சி பூக்கும் மார்ச்சில் முசாபர்பூருக்கும், பின்னர்ச் சூரியகாந்தி வயல்களுக்கும் எனப் பெட்டிகள் சரக்குந்துகளில் ஆண்டு முழுதும் பயணம் செய்கின்றன. பூவைத் துரத்தும் இந்த நாடோடி உழவில் ஓரிடத்து மழை பொய்த்தாலும் வேறோரிடம் கைகொடுக்கும்.

1991ஆம் ஆண்டின் பாடம்

இவ்வரலாற்றில் ஒரு பேரிழப்பும் உண்டு. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட நச்சுயிரி நோய் ஒன்று, 1978இல் மேகாலயத்தில் தலைகாட்டி, இமயமலைப் பகுதி எங்கும் பரவி, 1991இல் தென்னகத்தை அடைந்தது. 'தாய் சாக்புரூட்' என்பது அதன் பெயர். அடையறையில் வளரும் புழு, நீர் நிறைந்த சிறு பைபோல் ஊதி இறந்துவிடும். புதிய தேனீக்கள் பிறவாமையால் குடி தேய்ந்து அழியும். இந்தியத் தேனீயைத் தாக்கிய இந்நோய்க்கு மருந்து இல்லை. ஓரிரு ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழகத்திலும் கருநாடகத்திலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குடிகள் மடிந்தன. மார்த்தாண்டத்தைச் சூழ்ந்த ஊர்களில் வரிசை வரிசையாக வைத்திருந்த பெட்டிகள் வெறும் மரக்கூடுகளாயின.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருத்தூன்ற வேண்டுவது. நோயைத் தாங்கித் தப்பிய சிற்சில குடிகளும், காட்டுப் பொந்துகளில் எஞ்சியிருந்தவையும் எடுத்து வளர்க்கப்பட்டன. அவற்றின் வழிவந்தவை மெல்ல மெல்லப் பெருகின. சிலர் ஐரோப்பியத் தேனீக்கு மாறினர். ஆயினும் குமரி மாவட்டத்தில் மீண்டும் தழைத்தது பெரும்பாலும் இந்தியத் தேனீயே. பெட்டியில் இருந்தது மட்டுமே நம் தேனீச் செல்வமாக இருந்திருப்பின், இத்தொழில் அன்றோடு முடிந்திருக்கும். மீட்சிக்கு உதவியவற்றுள் வேலியோரப் பொந்துமரங்களும் பாறையிடுக்குகளும் காடும் இருந்தன. யாரும் விலை மதிக்காதவை அவை. நோயால் வந்த இழப்புக்கும் வானிலையால் வரும் இழப்புக்கும் வேறுபாடு உண்டெனினும், ஒன்றையே நம்பி நிற்பவன் வீழ்வதும் பலவற்றைப் பேணியவன் எழுவதும் இரண்டிலும் ஒன்றே.

மலையிலும் கடலோரத்திலும்

இமாசலத்து ஆப்பிள் தோட்டங்களில் தேனீயின் பயன் தேனளவில் நிற்பதில்லை. அங்குப் பெரிதும் பயிராகும் 'டெலிசியஸ்' வகை தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். ஆகவே ஏப்பிரலில் பூக்கும் நாள்களுக்கென்றே தோட்டக்காரர்கள் தேனீப்பெட்டிகளை வாடகைக்குக் கொணர்ந்து வைக்கின்றனர். குளிர்காலம் வெதும்பி வருதலால் ஆப்பிள் சாகுபடி தாழ்ந்த மலைகளை விட்டுக் கின்னோர், லாகுல் முதலிய உயர்நிலங்களுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பூக்கும் காலத்தில் திடீரென மழையும் குளிரும் வந்துவிட்டால் தேனீ பறப்பதற்குச் சில மணி நேரமே வாய்க்கும். ஐரோப்பியத் தேனீ வெளிவரத் தயங்கும் குளிரிலும் இந்தியத் தேனீ பறக்கவல்லது என ஆய்வாளர் கண்டுள்ளனர். தேன் குறைவாகத் தருகிறது என்று ஒதுக்கப்பட்ட நாட்டுத் தேனீயின் மதிப்பு இத்தகைய காலத்தில் தெரிகிறது.

குடகில் காப்பியின் நிலையும் இத்தகையதே. பெப்ருவரி, மார்ச்சில் பெய்யும் பூமழைக்குப் பின் ரொபஸ்டாக் காப்பி ஒரே வீச்சில் பூக்கும். அதற்கும் பிற செடியின் மகரந்தம் இன்றியமையாதது. மழை தவறினால் பூ தவறும். பூவிருந்தும் தேனீ இல்லையேல் காய் தவறும்.

வங்கத்துச் சுந்தரவனத்திலோ இடர் கடலிலிருந்து வருகிறது. 2009 மே 25 அன்று ஐலாப் புயலும், 2020 மே 20 அன்று அம்பான் புயலும் கரைகளை உடைத்து உப்புநீரை வயலுக்குள் புகுத்தின. உவர் ஏறிய நிலம் நெல்லை மறுத்தது. ஐலாவுக்குப் பின் ஆடவர் பலர் கூலி வேலை தேடித் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வந்தோர் உண்டு. உப்புக்கு அஞ்சாத அலையாத்திக் காடு மட்டும் கோடையின் தொடக்கத்தில் வழக்கம்போல் பூக்கிறது. 'கல்சி' என அங்கு வழங்கும் செடியின் தேன் பெயர் பெற்றது. காட்டினுள் மலைத்தேன் எடுக்கச் சென்று புலிக்கு இரையானோர் எண்ணற்றோர். ஆதலின் காட்டின் ஓரத்தில் பெட்டிகளை வைத்துத் தேனைத் தம்மிடம் வரச்செய்யும் முறை அங்கு வளர்ந்து வருகிறது. வயல் உவராய்ப் போன ஆண்டிலும் ஒரு விளைச்சல் கைக்கு வருகிறது. பறம்பு மலையில் கபிலர் கண்ட நான்காம் விளைவு கங்கையின் கழிமுகத்திலும் குடி காக்கிறது.

தேனீ தாங்கும் எல்லை

எனினும், தேனீப்பெட்டி வாங்கி வைத்தவுடன் உழவனின் துயர் தீர்ந்துவிடும் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். வானிலை பிறழ்ந்தால் தேனீயும் துன்புறும். அடைகாக்கும் அறையை எப்போதும் 34, 35 பாகை வெப்பத்தில் வைத்திருக்கத் தேனீக்கள் பாடுபடுகின்றன. வெயில் மிகும்போது நீர் சுமந்து வந்து தெளித்துச் சிறகால் விசிறுகின்றன. அவ்வேலை மிகுந்தால் தேன் சேர்க்கும் வேலை குறையும். தாங்காத நிலையில் இந்தியத் தேனீ கூட்டையே துறந்துவிடும். வறட்சியில் செடி பூத்தாலும் பூவில் தேன் ஊறுவது குறையும். ரப்பர் தளிர்க்கும் திங்களில் பருவந்தவறிய மழை பெய்தால், சுரந்த மது கழுவிப் போகும். தளிரில் சாம்பல் நோய் பற்றினால் இலையே உதிரும். ஒக்கிப் புயலில் சாய்ந்த ரப்பர் மரம் ஒவ்வொன்றும் தோட்டக்காரனுக்குப் பாலையும் தேனீக்கு மேய்ச்சலையும் ஒருங்கே இழக்கச் செய்தது.

இங்கேதான் தேனீ வளர்ப்பின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. ஒரே மரத்தை நம்பிய தேன், அம்மரத்தோடு வீழ்கிறது. ரப்பர்த் தளிர் மது தரும், மகரந்தம் தராது. புழுக்களை வளர்க்க வேண்டிய மகரந்தத்துக்குத் தென்னை முதலிய வேறு மரங்கள் வேண்டும். ஒரு திங்களில் புளி, மறு திங்களில் வேம்பு, பிறிதொரு திங்களில் எள் எனப் பூ அறாமல் தொடரும் ஊரில்தான் தேனீக் குடி ஆண்டு முழுதும் நிலைக்கும். அவ்வாறு பலவகைப் பயிரும் மரமும் உள்ள ஊரே வறட்சியையும் புயலையும் ஓரளவு தாங்கும் ஊராகவும் இருக்கிறது. தேனீக்காகச் செய்யும் ஏற்பாடும் உழவனுக்காகச் செய்யும் ஏற்பாடும் ஈண்டு ஒன்றாகின்றன. தேனீ வளர்ப்பின் முதற்பயன், ஊரின் பசுமையைப் பல்வகையாகப் பேணுமாறு அது உழவனைத் தூண்டுவதே எனலாம்.

அரசும் இத்துறையில் கருத்துச் செலுத்தி வருகிறது. 2020-21இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்தைத் தொடங்கியது. 2022இல் மகாபலேசுவரத்தை அடுத்த மாங்கர் என்னும் சிற்றூர் நாட்டின் முதல் 'தேன் கிராமம்' என அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், வழங்கிய பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டு நின்றுவிடுதல் கூடாது. பெட்டியைச் சுற்றி ஆண்டு முழுதும் பூ உண்டா, பூச்சிமருந்து தெளிப்போர் தேனீ பறக்கும் காலை நேரத்தைத் தவிர்க்கின்றனரா, நாட்டுத் தேனீயின் குடிகள் அழியாமல் காக்கப்படுகின்றனவா என்பனவற்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என ஒருவர் வினவலாம். நம்முள் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு நிலம் உண்டு. உறவினர் ஒருவரோ குத்தகைக்காரர் ஒருவரோ அதைப் பார்த்துக்கொள்கின்றனர். விடுமுறைக்குச் செல்லும்போது அந்நிலத்தின் வரவு செலவைக் கேட்கிறோம். வரப்பில் நின்ற பழைய புளியமரம் இருக்கிறதா என்று கேட்பவர் சிலரே. பொந்துடைய முதுமரத்தை விறகுக்கு விற்கச் சொல்லும் கடிதம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே செல்கிறது. அதை நிறுத்தி, வேம்பும் புங்கமும் நாவலும் வரப்பில் நட உதவுதல் நம்மால் இயலும். நிலத்தில் உழைப்பவர் இரண்டு பெட்டி வைக்க விரும்பினால், தொடக்கச் செலவில் பங்கேற்பதும் பெரும்பொருள் கேட்கும் செயலன்று. நிலமே இல்லாதார், தேன் வாங்கும்போது விலைமலிவை மட்டும் நோக்காமல், தேனீ வளர்ப்போர் கூட்டுறவில் வாங்கலாம்.

பாரியின் பறம்பு இறுதியில் வீழ்ந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. வெளியே நின்ற முற்றுகையைத் தேனும் கிழங்கும் தாங்கின. சூழ்ச்சியைத் தாங்க அவற்றால் இயலவில்லை. அதுபோல, தேனீ ஒன்றே உழவனைக் காத்துவிடாது. மழை பொய்த்த ஆண்டில் அவன் வீட்டு அடுப்பு அணையாமல், மறு ஆண்டு விதைக்கும் வரை தாங்கி நிற்க ஒரு கைப்பொருள் தருவதே அதனால் இயன்ற உதவி. ஊரை விட்டுப் புறப்பட வேண்டிய தேவை ஒரு குடும்பத்துக்கு நேராமல் தடுக்க அவ்வளவு உதவியே போதியதாகும் ஆண்டுகள் உண்டு. புறப்பட்டு வந்தவர்களாகிய நாம் அதன் அருமையை நன்கறிவோம்.